இரண்டு பல் இடப்பக்கம்

நடு நட்டைக் கழற்றிய பிறகும் ஸ்டீயரிங் அசைந்து கொடுக்கவில்லை. பட்டறைக்காரர் இரண்டு முழங்கால்களையும் அதன் அடியில் முட்டுக்கொடுத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கருவி எதையும் தேடாமல் வண்டியைத் தோளாலேயே தூக்கிவிடுவார் என்பதால் அவருக்கு ஜாக்கி என்று பேர். ஸ்டீயரிங் பட்டென்று கையோடு வர, ஜாக்கி அண்ணன் இருக்கையில் மல்லாந்தார். பக்கத்து இருக்கையில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவன் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. ஸ்டீயரிங் போனபின் தனியாக நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தண்டின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் சீப்புப் பற்கள்போல நெருக்கமான வரிகள். ஒரு பல்லின்மேல் உளியால் தட்டிய கோடு, தொழிற்சாலையில் போட்டது. கொஞ்சம் தள்ளி வேறொரு பல்லின்மேல் கடுகளவு சிவப்புப் புள்ளி.

"இதென்னண்ணே?"

"பெயின்டா இருக்கும். தண்டுல உள்ள கோடும் ஸ்டீயரிங்ல உள்ள கோடும் நேரா சேரணும் தம்பி. எவனோ அரைத்தூக்கத்துல மாட்டியிருக்கான். அதான் இத்தனை நாளா கோணிக்கிட்டு நின்னுச்சு."

அந்தக் கோணல் அவனுக்குப் பழக்கம். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இயந்திரவியல் படித்தவனுக்குக் கார் ஓட்டத் தெரியாததை வைத்து மனைவியின் சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் கேலி செய்திருந்தார்கள். அவள் ஓட்டுவாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். வண்டி நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். அவள் கையிலுள்ள ஸ்டீயரிங் மட்டும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அது அவன் கண்ணில் விழுந்த தூசி. டயர் சரியாகத்தான் தேய்கிறது, வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, பிறகு ஏன்? நிமிர்த்தி மாட்டச் சொல்லலாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். "வண்டி நேராத்தானே போகுது? அப்புறம் உனக்கென்ன?" என்பாள். போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு எதைப் பற்றியும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

வண்டி அத்தையுடையது, அதாவது மனைவியின் அம்மாவுடையது. அத்தைக்கு ஓட்டத் தெரியும். ஆனால் வலது தோள் இறுகிப்போய், தலைமுடியை முடியவே கை எழாது. அந்தக் காலத்து வண்டி வேறு. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்புவது பீரோவை நகர்த்துவதுபோல. மகள் போன பிறகு அது வாசல் கொட்டகையில் போர்வைக்குள் நின்றது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, வண்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருகிறார் என்று அத்தை சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோக்காரன் வாயப் பாத்துக்கிட்டு நிக்கறேன். வீட்டுல வண்டிய வெச்சு அழகு பாக்கவா முடியும்? என் கையால திருப்ப முடிஞ்சா இருக்கட்டும் மாப்பிள்ளை. முடியலன்னா வர்றவர் கொண்டுபோகட்டும்."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மோட்டார் வெச்சுடலாம் அத்தை," என்றான். பல மாதங்களில் அவனாகச் சொன்ன முதல் யோசனை. அத்தை அதை உடைந்துவிடும் பொருளைப்போலக் கையாண்டாள். மறுபேச்சுப் பேசவில்லை.

பழைய இரும்புக் கடையில், முன்பக்கம் நசுங்கிய புதுக்காலச் சின்னக் கார் ஒன்றிலிருந்து மோட்டாரோடு சேர்ந்த ஸ்டீயரிங் தண்டைக் கழற்றி வாங்கி வந்தான். அறையில் மேசைமேல் அதைப் பிரித்துப் போட்டபோது தூக்கம் மறந்தது, சாப்பாடு ஆறியது. தண்டு ஒரே துண்டு அல்ல. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் முறுக்கிக்கொள்ளக்கூடிய மெல்லிய கம்பி. கை மேலே திருப்பும், சக்கரம் கீழே அடம்பிடிக்கும், இடையில் கம்பி துளியூண்டு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை அளந்துதான் மோட்டார் தன் பலத்தைச் சேர்க்கிறது. தானாக அதற்கு எந்தத் திசையும் தெரியாது. முதலில் ஒரு கை தொடங்க வேண்டும். எவ்வளவு பலம் சேர்க்கலாம் என்று கூட்டவும் குறைக்கவும் சின்னதாக ஒரு திருகு.

தேநீர் கொண்டுவந்த அத்தை அந்தத் திருகை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எவ்வளவு ஒத்தாசை வேணும்னு நாமளே திருகி வெச்சுக்கலாமா?"

"ஆமா அத்தை."

"சொந்தக்காரங்களுக்கும் இப்படி ஒண்ணு வெச்சிருக்கலாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கே அது புதிதாக இருந்தது.

பழைய தண்டின் பல் வைத்த நுனியை வெட்டி, புதிய தண்டின் தலையில் உறை கடைந்து பொருத்தி, ஜாக்கி அண்ணன் பற்றவைத்தார். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, வழியில் ஒரு ஃப்யூஸ் வைத்து, டாஷ்போர்டுக்குக் கீழே மோட்டார் அடக்கமாக உட்கார்ந்தது. கடைசியாக ஸ்டீயரிங். அதை அவனே மாட்டினான். உளிக்கோட்டுக்கு உளிக்கோடு, மயிரிழை பிசகாமல். பிறகு தன் வழக்கமான இடத்தில், பக்கத்து இருக்கையில், உட்கார்ந்து பார்த்தான். ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்து வளையத்துக்கு நீளும் இரண்டு கைகளும் தட்டுபோலச் சமமாக நின்றன. இத்தனை வருடமாக அவன் கேட்டது இதைத்தான். யாரோ தெரியாதவருடைய வண்டியில் ஏறிவிட்டதுபோல இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். சாவியைத் திருப்பினாள். காலடியில் மோட்டார் மெல்லிய குரலில் முனகியது. இடது கையால் ஒருதரம் திருப்பினாள். பிறகு வலது கையால், தோளைத் தூக்காமல், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு. முன்சக்கரங்கள் சரளைக்கல்லை நெரித்துக்கொண்டு சொன்னபடி திரும்பின.

"அட," என்றாள். மறுபடியும் திருப்பினாள். "ஆனா கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே மாப்பிள்ளை. கொஞ்சம் கனம் வேணும்."

அவன் குனிந்து திருகைக் குறைத்தான். திருப்பிப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு அப்படியும் இப்படியும் கழுத்தை நீட்டினாள்.

"எல்லாம் சரி, பெட்ரோல் முள்ளு எங்க? கழட்டிட்டீங்களா?"

"அங்கதானே அத்தை இருக்கு."

"எனக்குத் தெரியலையே. எம்பி எம்பிப் பாக்க வேண்டியிருக்கு. அவ இருந்தப்போ ஒரு தடவை கோடி வீடு வரைக்கும் ஓட்டினேன், நல்லா தெரிஞ்சுதே! முள்ளு தெரியாம எப்படி ஓட்டறது? காலேஜ் படிக்கிறப்போ ஒரு தடவை பெட்ரோல் தீந்து நடுரோட்டுல நின்னுட்டா. அன்னைலேர்ந்து ரோட்டைப் பாக்கறாளோ இல்லையோ, முள்ளைத்தான் பாப்பா."

ஜாக்கி அண்ணன் எட்டிப் பார்த்தார். "கண்ணாடி மாத்தணும்க்கா உங்களுக்கு."

"உன் கண்ண மாத்து மொதல்ல."

அத்தையை இறங்கச் சொல்லிவிட்டு அவன் ஏறினான். ஓட்டுகிறவர் இருக்கையில் அவன் உட்காருவது அதுதான் முதல் தடவை. முழங்கால் இடித்தது. பெட்ரோல் முள் இடது மூலையில் தெளிவாகத் தெரிந்தது. வலது மூலையில் என்றைக்கோ நின்றுபோன கடிகாரம். அவன் நெட்டை. அத்தை அவன் தோளுக்குத்தான் வருவாள். மகளும் அதே உயரம்.

அவன் மெல்ல இருக்கையில் சரிந்தான். சட்டை முதுகில் சுருண்டது. கண், அவள் கண் இருந்திருக்கக்கூடிய உயரத்துக்கு இறங்கியதும் ஸ்டீயரிங்கின் இடது கை எழும்பி வந்து முள்ளை மறைத்தது. அப்படியே அசையாமல் கிடந்தான். பிறகு நட்டைக் கழற்றினான். இந்தத் தடவை ஸ்டீயரிங் சண்டை போடாமல் வந்தது. திருப்பிப் பார்த்தான். அதன் உள்வட்டத்திலும் உளிக்கோட்டுக்குப் பக்கத்தில் கடுகளவு சிவப்பு. பெயின்ட் இல்லை. குளியலறை அலமாரியில் இன்னும் கால்வாசி மிச்சமிருக்கும் அவளுடைய நகப்பூச்சுக் குப்பியின் நிறம் அது.

தண்டின் புள்ளியோடு இந்தப் புள்ளியைச் சேர்த்து அழுத்தினான். இரண்டு பல் இடப்பக்கம்.

"தம்பி, கோணலா நிக்குமே," என்றார் ஜாக்கி அண்ணன்.

"நிக்கட்டும்ணே."

மறுபடியும் சரிந்து பார்த்தான். இடது கை தாழ்ந்திருந்தது. முள் முழுதாக வெளியே வந்திருந்தது. உயர்ந்த வலது கைக்குப் பின்னால் ஓடாத கடிகாரம் ஒளிந்துகொண்டது. நட்டை முறுக்கி, இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினான். அத்தை ஏறி உட்கார்ந்தாள். எம்பவில்லை.

"இப்பத் தெரியுது. அடியில படுத்துக் கிடக்கு. பங்க் வரைக்கும் தாங்குமா மாப்பிள்ளை?"

"தெரியல அத்தை. போய்ப் பாக்கலாம்."

"நாளைக்கு வர்றவருக்கு?"

"டீ போட்டுக் குடுத்துடலாம்."

அத்தை அவனை ஒரு கணம் பார்த்தாள். வண்டியைக் கிளப்பினாள். அவன் சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினான். ஜாக்கி அண்ணன் வாசல் கதவை அகலத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். வண்டி தெருவுக்கு இறங்கித் திரும்பி நேரானது. ஸ்டீயரிங் அத்தையின் கையில் லேசாக இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அதற்கு மேலே, இடைவெளியில், பெட்ரோல் முள் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்ப்பதற்காக இருக்கையில் இன்னும் கொஞ்சம் சரிந்துகொண்டான்.