பெலிகனுக்கு முன் ஒரு புள்ளி

பளிங்கு ஆசை பொல்லாதது. செர்பியாவில், வ்ர்ப்னிட்சா ஊர்க் கலாச்சார இல்லத்தின் இயக்குநர் வுக்மனுக்குத் தன் கவிதை சந்தை நீரூற்றின் பளிங்கில் ஏற வேண்டும். போட்டியில் வென்ற கவிதையைத்தான் அதில் செதுக்குவார்கள். போட்டியின் தலைமை நடுவர் வுக்மன். நடுவர் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி எழுதியவரும் சாட்சாத் அவரேதான்.

எங்கள் பக்கத்தில் போட்டிக்குக் கவிதை அனுப்புகிறவர் சொந்தப் பெயர் போடக் கூடாது. ஒரு மறைபெயர் போடுவார், அதற்கு ஷிஃப்ரா என்று பெயர். சொந்தப் பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும். வுக்மன் 'பெலிகன்' என்ற ஷிஃப்ராவில் தன் கவிதையைச் சேர்த்தார், சக நடுவருக்கு உருகி உருகி வாசித்துக் காட்டினார், முதல் பரிசும் கொடுத்துவிட்டார். உறையைப் பிரித்ததும் திகைப்பதுபோல் நடித்து, "என் பெண்டாட்டி எனக்குத் தெரியாம அனுப்பிட்டா" என்று சொல்வதாகத் திட்டம். கண்ணாடி முன் ஒத்திகையும் பார்த்தாயிற்று.

பரிசு விழாவில் அரங்கம் நிறைந்திருந்தது. கவிதையைத் திரையில் காட்டிவிட்டுக் கல்தச்சரிடம் கொடுக்க வேண்டும்.

"டைரக்டர், பெலிகன் ஃபைலக் காணோம்," என்றாள் ல்யுபின்கா. இல்லத்தின் கணினிகள் அவள் பொறுப்பு.

"நீதான் அழிச்சிருப்ப. ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கியா?"

"காணோம்னா விடுங்க, ரெண்டாவதா வந்த 'ஊதின சேவல'யே செதுக்கிடலாம்," என்றார் சக நடுவர், மருந்துக்கடை மியோட்ராக். "அதுக்கு நீங்களே விழுந்து விழுந்து சிரிச்சீங்களே."

வுக்மன் சட்டென்று குழைந்தார். "தேடும்மா, நல்லாத் தேடு."

ல்யுபின்கா கன்ட்ரோல், ஹெச் விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். அதுவரை இல்லாத கோப்புகள் திரையில் மங்கலாக எழுந்தன. நடுவில் பெலிகன்.

"அழியல. யாரோ பேருக்கு முன்னாடி புள்ளி வச்சிருக்காங்க. புள்ளி வச்சா இதுல ஃபைல் கண்ணுக்குத் தெரியாது."

அந்த யாரோ வுக்மன்தான். எழுதும்போது ஊழியர்கள் எட்டிப்பார்க்காதிருக்கப் புள்ளி வைத்தார், பூட்டும் போட்டார். போட்டிக் கோப்புகளோடு சேர்த்தபோது இரண்டையும் எடுக்க மறந்துபோனார்.

கோப்பு திறக்கவில்லை. அவள் கணினிக்குக் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலைத் திறந்து ls -la என்று தட்டினாள். மறைந்திருந்தவை எல்லாம் சொந்தக்காரர் பெயரோடு வரிசையாக வந்து நின்றன. பெலிகன் பக்கத்தில் 'இயக்குநர்' என்றிருந்தது.

"உங்க பேர்ல இருக்கே," என்றார் மியோட்ராக்.

"நான் டைரக்டர் ஐயா. நீர் உக்காந்திருக்கிற நாற்காலிகூட என் பேர்லதான் இருக்கு."

அரங்கம் தலையாட்டியது. தப்பித்தோம் என்று வுக்மன் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றி உரையை மனசுக்குள் ஓட்ட ஆரம்பித்தார்.

"உங்க கணக்குல போய்த்தான் திறக்கணும்," என்றாள் ல்யுபின்கா திரும்பாமலே. "ஷிஃப்ரா, டைரக்டர்?"

"பெலிகன்! எத்தன தடவ சொல்றது? காது என்ன செவிடா?"

அவள் தட்டினாள். திறந்துகொண்டது.

எங்கள் ஊரில் கணினியின் கடவுச்சொல்லுக்கும் ஷிஃப்ரா என்றுதான் பெயர். அவள் கேட்டது அதை, அவர் சொன்னது போட்டியின் ஷிஃப்ராவை. இரண்டுக்கும் இரண்டு சொல் யோசிக்கக்கூடச் சோம்பல்பட்ட கவிஞர் அவர். கைதட்ட எழுந்த கைகள் பாதியில் நின்றன.

"பெலிகன்ங்கிறது... எல்லாரும் வைக்கிற பேருதான்," என்றார் வுக்மன்.

"புள்ளிகூட எல்லாரும் வைக்கிறதுதான்," என்றார் கல்தச்சர். "இது பெரும்புள்ளி வச்ச புள்ளி, அவ்வளவுதான்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மியோட்ராக் பெலிகனைத் தள்ளிவிட்டு, 'ஊதின சேவல்' கவிதையின் உறையைப் பிரித்தார். தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்துவிட்டு வீட்டில் காலுறையைத் தேடத் தெரியாமல் கொக்கரிக்கும் ஒரு சேவலைப் பற்றிய கவிதை அது. எழுதியவர் பெயரைப் படித்தார்: ஸகோர்கா, வுக்மனின் மனைவி.

வுக்மன் திகைத்து எழுந்தார். ஒத்திகையில்கூட முகம் இவ்வளவு இயல்பாக வந்ததில்லை.

"என் பெண்டாட்டி எனக்குத் தெரியாம அனுப்பிட்டா," என்றார்.

ஒருவரும் நம்பவில்லை.