நடைவழிக்கு ஒரு கம்பு

மார்ச் மாதம் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மழையும் பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. காற்று சற்றும் அசையாமையால் துவைத்த துணிகள் இரண்டாம் நாளாக ஈரத்துடனே தொங்கின. அன்றுதான் என் மனைவிக்கு ஒரு சிலம்பக் கம்பு செய்து தருவது என்று நான் தீர்மானித்தேன்.

அதற்குரிய காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறை. ஒன்பது நாட்களுக்கு முன், முற்பகல் பதினொரு மணியளவில், அவள் சமையலறையில் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். காற்றுக்காக வாசற்கதவு திறந்திருந்தது. எங்கள் வீட்டில் வாசலிலிருந்து சமையலறை வரை ஒரே நேரான நடைவழி. அதன் வழியே முன்பின் அறியாத ஒருவன் உள்ளே வந்தான், அவளைக் கண்டான், தன் உதட்டின்மேல் விரலை வைத்தான், மேசைமேல் இருந்த கைப்பையையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான். ஓடவில்லை, நடந்தே போனான். அவள் சீவிய கிழங்கும் கையுமாக நின்ற இடத்திலேயே நின்றாள்.

செய்தி அறிந்து ஓடி வந்த நான் அவளிடம் கேட்ட முதற்கேள்வி, “ஏன் கத்தல?” என்பதாகும். அன்று முதல் அவள் வீட்டில் தனியே இருக்கவில்லை. நான் கடைக்குப் புறப்பட்டால் அவளும் செருப்பை மாட்டிக்கொள்வாள். நான் குளித்தால் குளியலறைக் கதவருகே முக்காலி போட்டு உட்காருவாள். நான் வேலைக்கே செல்லவில்லை.

நான் ஒரு மரச்சாமான் பட்டறையில் கடைசல் தொழிலாளி. நாற்காலிக் கால்களும் கட்டில் தூண்களும் என் கையால் உருப்பெறுவன. அந்த வெள்ளிக்கிழமை என் தங்கைக்கு விடுமுறை. அவள் பேருந்து ஓட்டுபவள், சிலம்பமும் பயின்றவள். அண்ணிக்குத் துணையாக அவள் வந்து அமர்ந்தமையால் நான் பட்டறைக்குச் சென்றேன். முதலாளி என்னை ஓரமாக அழைத்தார்.

“உன் கஷ்டம் எனக்குப் புரியாம இல்லப்பா. ஆனா ஆர்டர் எல்லாம் அப்படியே நிக்குது. திங்கட்கிழமை காலையில நீ லேத்து முன்னாடி நிக்கணும். இல்லன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

அவர் மீது குற்றமில்லை. ஆயினும் பதினேழு ஆண்டு வேலை மூன்று நாட்களில் வந்து தொங்கியது. திங்கட்கிழமைக்குள் என் மனைவி தனியே இருக்கத் துணிய வேண்டும். ஒரு கம்பு கையில் இருந்தால் துணிவு தானே வரும் என்று நான் கருதினேன்.

நல்ல தேக்கை எடுத்தேன். கம்பின் உயரம் பிடிப்பவரின் புருவம் வரை இருத்தல் வேண்டும் எனத் தங்கை சொல்லக் கேட்டிருந்தேன், அவ்வாறே அளந்தேன். கட்டில் தூண் கடையும் நீண்ட லேத்தில் ஏற்றி, இழைத்து, மூன்று இடங்களில் அழகிய வளையங்கள் கடைந்து, விரைவில் காயும் வார்னிஷ் பூசி, காய்ந்ததும் பிற்பகலில் வீடு சேர்ந்தேன். என் வாழ்நாளில் அத்துணைச் சீரான வேலையை நான் செய்ததில்லை.

தங்கை அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள்.

“அண்ணா, இது கம்பா, கட்டில் காலா?”

“தேக்கும்மா! அளவு கரெக்டா புருவம் வரைக்கும்...”

“அளவு கிடக்கட்டும். இந்த வளையம் எல்லாம் எதுக்கு? திருடன் நின்னு ரசிச்சுட்டுப் போகவா?”

கம்பின் மேல் கை வழுக்கி ஓட வேண்டும் என்று அவள் விளக்கினாள். அவள் ஓட்டிக் காட்டிய உள்ளங்கை முதல் வளையத்திலேயே தட்டி நின்றது. வியர்த்தால் வார்னிஷ் ஒட்டிக்கொள்ளும் என்றாள். என் மனைவி அதை இரு கைகளாலும் தூக்கிப் பார்த்தாள்.

“இதை நான் தூக்கி முடிக்கறதுக்குள்ள அவன் வீட்டையே காலி பண்ணிடுவான்,” என்றாள்.

ஒன்பது நாட்களில் அவள் கூறிய முதல் வேடிக்கைச் சொல் அது. நான் விட்டுக்கொடுக்க மனமின்றி, “இரு, நான் காட்டறேன்,” என்று நடைவழியில் நின்று ஒரு வீச்சு வீசினேன். குழல்விளக்கு தூள் தூளாகக் கொட்டியது.

“அந்தத் திருடன்கூட லைட்டை உடைக்கல,” என்றாள் என் தங்கை.

எங்கள் நடைவழியின் அகலம் மூன்றடி. திறந்த வெளியில் சுழற்றுவதற்குரிய கம்பை அங்கே சுழற்ற இயலாது என்பது, கடைசலில் நூலிழை பிசகாத எனக்குத் தோன்றவில்லை. ஆளை அளந்தேனே தவிர இடத்தை அளக்கவில்லை.

“இங்க வீச்சே வேணாம் அண்ணி,” என்றாள் தங்கை. “நேரா ஒரே குத்து. இந்தச் சந்து உங்களுக்குத்தான் சாதகம். வர்றவன் இந்தப் பக்கமும் விலக முடியாது, அந்தப் பக்கமும் விலக முடியாது. அவனை அடிச்சுக் கீழ தள்ள வேணாம். கிட்ட வர விடாம இருந்தாப் போதும்.”

மாலையில் பட்டறையிலிருந்து, நாற்காலி பின்னுவோர் வைத்திருந்த பருத்த பிரம்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். இரவு முழுவதும் அது தண்ணீர்த் தொட்டியில் ஊறியது. சனிக்கிழமை காலையில் அடுப்புத் தீயில் காட்டிச் சூடேற்றி, ஈரத்துணியால் பற்றி, முழங்காலில் அழுத்தி அதன் வளைவுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். மறுமுனையை என் மனைவி பிடித்துக்கொண்டாள். கணுக்களை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் தடவினோம். அக்குள் உயரத்தில் அவளே பென்சிலால் கோடு கிழித்தாள். நான் அரம்பத்தை எடுத்ததும் அவள் கையை நீட்டினாள்.

“கொடுங்க. நீங்க வெட்டினா அதுலயும் பூ செதுக்கிடுவீங்க.”

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி தொடங்கியது. திருடன் வேடம் எனக்குரியதாயிற்று. தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு வாசலிலிருந்து நான் நடந்து வர, அவள் சமையலறை முனையில் கம்புடன் நிற்க வேண்டும். கால் வைப்பும் கைப்பிடியும் அவளுக்கு ஒரு மணி நேரத்தில் படிந்தன. ஆனால் கம்பின் நுனி ஒவ்வொரு முறையும் தலையணையைத் தொடும் முன்னரே நின்றது. முகம் சிவந்தது, சத்தம் இல்லை.

“அண்ணி, மூச்சை அடக்கிக்கிட்டு குத்தாதீங்க. வாயைத் திறங்க. சத்தத்தோட வரணும்.”

“வரல.”

“ஏதாவது சொல்லுங்க. பஸ்ல ஃபுட்போர்டுல தொங்கறவனை நான் திட்டுவேனே, அந்த மாதிரி.”

“எனக்கு வரலன்னு சொல்றேன்ல!”

அவள் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தங்கை அருகில் அமர்ந்தாள். நான் தலையணையுடன் நடைவழியின் நடுவில் செய்வதறியாது நின்றேன்.

“அன்னிக்கும் இப்படித்தான்,” என்றாள் என் மனைவி, என்னை நோக்காமல். “கத்தணும்னு தெரியுது. வாயும் திறக்குது. ஆனா தொண்டைக்குள்ள எதையோ அடைச்ச மாதிரி. அவன் போய் எவ்வளவோ நேரம் கழிச்சுக்கூட... அவன் வந்தது பெருசு இல்ல. இவர் வந்து நின்னு ஏன் கத்தலன்னு கேட்டாரு பாரு. என்னவோ நானே கதவைத் திறந்து வாங்கன்னு கூப்பிட்ட மாதிரி.”

பதினொரு நாட்களாக அவளைத் துன்புறுத்தியவன் அந்நியன் மட்டும் அல்லன் என்பதை நான் அப்போது உணர்ந்தேன். விளக்கம் கூற வாயெடுத்தேன். தங்கை கையமர்த்தினாள்.

“அதை இவர்கிட்டயே சொல்லுங்க அண்ணி. எழுந்திருங்க. அண்ணா, நீ அங்க போ. நட.”

நான் வாசலுக்குச் சென்று திரும்பி நடந்தேன். என் மனைவி எழுந்து கம்பை எடுத்தாள். நான் நான்கடி தொலைவை எட்டியபோது அவள் இடக்காலை முன்வைத்தாள்.

“ஏன் கத்தலன்னு கேட்டீங்களே!”

கம்பு தலையணையின் நடுவில் இறங்கியது. நான் மல்லாந்து விழுந்தேன். மேல்வீட்டில் நாற்காலி நகரும் ஓசை எழுந்தது. யாரோ படியில் இறங்கி வந்து கதவைத் தட்டி, “என்னம்மா ஆச்சு?” என்று வினவினார்கள். “ஒண்ணும் இல்லீங்க, குடும்ப விஷயம்,” என்று தங்கை பதிலளித்தாள்.

நான் தரையில் கிடந்தபடியே, “கேட்டது தப்பு,” என்றேன். “வந்தவுடனே உனக்கு ஒண்ணும் ஆகலையேன்னுதான் கேட்டிருக்கணும்.”

“இப்பக் கேளுங்க.”

“உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஆச்சு,” என்றாள். பிறகு கம்பைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு என் தலைக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அதன்பின் அன்று மாலைக்குள் பதினான்கு முறை என்னைக் குத்தினாள். பதினான்கு முறையும் சத்தத்துடன்.

திங்கட்கிழமை மறுபடியும் வானம் மூடியிருந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தை அவள் என் கையில் கொடுத்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. பயம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை, போகவில்லை என்பது தெரிந்தமையால். நான் வெளியேறியதும் உள்ளே மேல்தாழும் கீழ்த்தாழும் விழும் ஓசை கேட்டது. நான் நகரவில்லை. அவள் அழுதால் வேலை போனால் போகட்டும் என்ற எண்ணத்துடன் கதவில் காதை வைத்து நின்றேன்.

கதவின் உட்புறத்தில் கம்பின் நுனி இருமுறை தட்டியது.

“கதவுக்குக் கீழ உங்க செருப்பு தெரியுது. போங்க, பஸ் போயிடும்!”

அந்தக் குரல் மாடிப்படி முழுவதும் கேட்டது. நான் படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது மணி காலை ஏழு நாற்பத்திரண்டு.