நோரீனின் முதல் பன்னிரண்டு

அடுத்தவர் வண்ணம் தீட்டிய பொம்மையைத் தலையைப் பிடித்துத் தூக்குகிறவனை இல்கெஸ்டன் ஊர்ப் பொம்மைப் போர்க் கழகத்தில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை. காலடியில் இருக்கும் அடித்தட்டைப் பிடிக்க வேண்டும். அதற்கும் முதலில் கேட்க வேண்டும். கட்டைவிரல் உயரப் படைவீரர்கள்தான், மேசைமேல் நிறுத்திப் போர் விளையாடுகிற பிளாஸ்டிக் சமாச்சாரம்தான். இருந்தாலும் மரியாதை மரியாதைதான். கேட்காமல் தொட்டதோடு நில்லாமல் அதன் மேல் தூரிகையையும் வைத்த ஒருவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவன் அயலானாக இருந்திருந்தால் நோரீன் அங்கேயே நாலு வார்த்தை கொடுத்து அனுப்பிவிட்டு மறந்திருப்பாள். அவன் அவளுடைய கணவன் ரோலண்ட்.

கழகத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு சவால் நடக்கும். அக்டோபரில் பெயர் கொடுக்க வேண்டும். மாதம் நாலு வீரர், ஆறு மாதத்தில் இருபத்துநாலு. முடித்த பொம்மையின் அடித்தட்டுக்குக் கீழே பெயரின் முதலெழுத்தையும் மாதத்தையும் எழுதி, தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிட வேண்டும். மூடியதை மறுபடி எடுத்துத் திருத்தக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது, போட்டோகூட எடுக்கக் கூடாது. ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலையில், சர்ச் மண்டபத்து நீள மேசையில் எல்லாரும் ஒன்றாகத் திறப்பார்கள். அக்டோபரில் இருந்த கை மார்ச்சில் எப்படி ஆகியிருக்கிறது என்று பார்ப்பதில்தான் அவர்களுக்குச் சுகம்.

ரோலண்ட் அந்தச் சவாலில் ஒன்பது முறை கோப்பை வாங்கியவன். குழாய் வார்ப்பாலையில் முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய கை, ஓய்வு பெற்ற பிறகு ஒற்றை முடித் தூரிகையால் மீசை வரைந்தது. நோரீன் அதுவரை அந்தப் பக்கமே போனதில்லை. திரைச்சீலைத் தொழிற்சாலையில் தையல் மிஷினில் இருந்தவள். "நாள் பூரா ஊசி பிடிக்கிறவளுக்கு வீட்டுக்கு வந்தும் பொம்மையா?" என்பாள்.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மிஷின் முன்னாலேயே வலது கை விழுந்தது. பக்கவாதம். வாய் இரண்டு வாரத்தில் நேரானது. கை நேராகவில்லை. முதல் வாரமே ஆஸ்பத்திரி டாக்டர், சின்னப் பையன், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கை பழையபடி திரும்பும்னு எதிர்பார்க்காதீங்க. இடது கையால பழகிக்கிறது நல்லது." என் கையைப் பற்றி என்னிடம் சொல்ல நீ யாரடா என்று நோரீன் நினைத்தாள். வாய் அப்போது ஒத்துழைக்காததால் அந்தப் பையன் பிழைத்தான்.

அக்டோபரில் கழகத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தாள். செயலாளர் டெஸ்மண்ட், பஸ் ஓட்டுகிறவன், குரலும் பஸ் ஹாரன்தான், பேனாவை அவளிடம் நீட்டிவிட்டு அவள் எழுதி முடிக்கும்வரை வேறெங்கோ பார்த்தான். ரோலண்ட் மட்டும் வாயைத் திறந்தான். "நீயா?"

"ஆமா, நான்தான். ஏன், உன் கோப்பைக்கு ஆபத்தா?"

அவள் எடுத்துக்கொண்டது ஈட்டிக்காரப் படை. இந்த நாட்டில் ராஜாவும் பாராளுமன்றமும் அடித்துக்கொண்ட காலத்து ஆட்கள், நீலக் கோட்டு, அகலத் தொப்பி. முதல் ஆளுக்கு ஒன்பது நாள் பிடித்தது. சமையலறை மேசையில் முழங்கையை ஊன்றி, வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கித் தூரிகையை இறக்குவாள். அது போகிற இடத்துக்குப் போகும். ஒரு கண் கன்னத்தில் விழுந்தது. கோட்டின் நீலம் தாடைவரை ஏறியது. தொப்பிக்கு வைத்த பழுப்பு மூக்கில் வழிந்தது. பார்க்கச் சகிக்காது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. அடியில் 'நோ.டா., அக்டோபர்' என்று எறும்பு ஊர்ந்தது போல எழுதிப் பெட்டியில் வைத்தாள்.

நவம்பரில் நீலம் கோட்டுக்குள்ளேயே நின்றது. டிசம்பரில் தொப்பியைச் சுற்றி ஒரு நாடா வந்தது, கோணல்தான், ஆனால் நாடா. ஜனவரியில் இடது கையின் பிடி தேவைப்படவில்லை. பிப்ரவரியில் பித்தான்கள். மார்ச்சில், கடைசி ஆளுக்கு, கருவிழியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அது சரியான இடத்தில் உட்கார்ந்தபோது நோரீன் அழுதாள். ரோலண்டைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. அவனுக்கு நாலு நாள் முன்பே தெரிந்தால் ஏப்ரல் எதற்கு?

அவளுக்கு வேண்டியிருந்தது கோப்பை இல்லை. இருபத்துநாலு பேரையும் இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். பார்க்கிறவன் நடந்துகொண்டே பார்க்க வேண்டும், ஒரு கை எங்கிருந்து எங்கே வந்தது என்று. அடுத்த வாரம் அதே வரிசையை அந்த டாக்டர் மேசையிலும் நிறுத்துவதாக இருந்தாள். இடது கையால் பழகிக்கொள்ளச் சொன்னானே, அவன் கண்ணுக்கு முன்னால்.

சனிக்கிழமை மண்டபத்தில் டீ கொதித்துக்கொண்டிருந்தது, சாசேஜ் பன் அடுக்கியிருந்தது. நோரீன் தன் பெட்டியைத் திறந்து, அக்டோபரின் முதல் ஆளைத் தாளிலிருந்து பிரித்து மேசையில் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

அவனுக்கு இரண்டு கண்ணும் இடத்தில் இருந்தன. மூக்கின் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெளிச்சம். கீழுதட்டில் மெல்லிய சிவப்பு. அந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியும். இந்தக் கழகத்தில் கீழுதட்டில் சிவப்பு வைக்கிறவன் ஒருவன்தான். திருப்பிப் பார்த்தாள். அடியில் அவளுடைய எறும்புக் கையெழுத்து. இரண்டாவதை எடுத்தாள், மூன்றாவதை எடுத்தாள். டிசம்பர்வரை பன்னிரண்டு பேரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தார்கள். ஜனவரியிலிருந்துதான் அவள் கை.

டெஸ்மண்ட் பின்னால் வந்து குனிந்தான். "அடி ஆத்தீ! நோரீன், இது நெசமாவே அக்டோபர்ல போட்டதா? கை விழுந்து மூணு மாசத்துலயா? எனக்கே இந்த மாதிரிக் கண்ணு வராதே! ஏய், எல்லாரும் இங்க வாங்கப்பா!"

எல்லாரும் வந்தார்கள். நோரீன் மண்டபத்தின் கோடியில் டீக் கோப்பையோடு நின்ற கணவனைத் தேடினாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறந்தநாள் பரிசைப் பிரிக்கிற குழந்தையைப் பார்ப்பவன் சிரிப்பு. அதுதான் அவளுக்கு நெருப்பு வைத்தது.

"ரோலண்ட். இங்க வா."

வந்தான். "நல்லா வந்திருக்குல்ல?" என்றான், மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"எப்பத் தொட்டே?"

"நோரீன், இங்க வேணாம்..."

"எப்பன்னு கேட்டேன்."

"நீ வியாழக்கிழமை பிசியோதெரபிக்குப் போவேல்ல... மார்ச்சுல. சும்மா கண்ணை மட்டும் சரி பண்ணலாம்னுதான் எடுத்தேன். அப்புறம் கோட்டு ஒட்டல. அப்புறம் தொப்பி..."

"யாரைக் கேட்டு?"

"உனக்காகத்தான் செஞ்சேன். இத்தனை பேர் முன்னால அதை வச்சா என்ன நெனைப்பாங்க? ஐயோ பாவம்பாங்க. அதைக் கேக்க என்னால முடியாது."

"உன்னால முடியாது. அதைச் சொல்லு. வெக்கம் உனக்கு, எனக்காகன்னு ஏன் சொல்றே?"

இதற்குள் டெஸ்மண்ட் நாற்காலி மேல் ஏறிவிட்டான். முதல் முறை சவாலில் இறங்கியவருக்கான கேடயத்தை இந்தத் தடவை யாருக்குக் கொடுப்பது என்று கேட்கவே வேண்டாம் என்று ஹாரன் அடித்தான். கை தட்டினார்கள். நோரீன் கை தட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள். அடங்கியதும், தையல் கூடத்தில் முப்பது மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில் சொன்னாள்:

"இதுல பன்னெண்டு நான் போட்டதில்லை. என் வீட்டுக்காரன் போட்டது."

டெஸ்மண்ட் சிரித்தான், தமாஷ் என்று நினைத்து. பிறகு ரோலண்டின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினான். சட்டம் எல்லாருக்கும் தெரியும். வேறு தூரிகை பட்ட பெட்டி சவாலில் இல்லை. அடுத்தவர் பொம்மையில் தூரிகை வைத்தவன் அடுத்த குளிர்காலம் வெளியே உட்கார வேண்டும்.

"ஒன்பது கோப்பை வாங்கினவன்," என்றான் டெஸ்மண்ட், தலையில் அடித்துக்கொண்டு. "பெண்டாட்டி பெட்டியில போயா கை வைப்பே? அறிவிருக்காடா உனக்கு?"

"அன்புலதானே செஞ்சான், பாவம்," என்று சாசேஜ் பன் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

நோரீன் அந்தப் பக்கம் திரும்பினாள். "ஒம்பது மாசம் எனக்கு பித்தான் போட்டு விட்டான், இறைச்சி வெட்டிக் குடுத்தான், ஷூ நாடா கட்டி விட்டான். அது அன்பு. யாரு இல்லைன்னா? இது என்ன தெரியுமா? நான் தவழ்ந்து தவழ்ந்து வந்த வழியைத் தொடச்சு, சுண்ணாம்பு அடிச்சுட்டான். இப்ப எனக்குக் கை விழவே இல்லைன்னு ஆயிடுச்சு. சும்மா படுத்துக் கெடந்து எழுந்தேன்னு ஆயிடுச்சு!"

அவள் இருபத்துநாலு பேரையும் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். பித்தானை அவளே போட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காரில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள். சமையலறைக்குள் வந்ததும் ரோலண்ட் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் துழாவி, பெயின்ட் கரைக்கிற திரவத்தை எடுத்தான்.

"நான் போட்டது மூணு வாரத்துப் பெயின்ட். இன்னும் முழுசாக் காயல. உன்னோடது நாலஞ்சு மாசம் இறுகிப் போனது. பஞ்சுல தொட்டு லேசா ஒத்தினா மேல இருக்கிறது மட்டும் வரும், நோரீன். அடியில உன்னோடது அப்படியே இருக்கும். நான் அதைச் சுரண்டல, மேலதான் பூசினேன். சத்தியமா."

"தெரிஞ்சுதான் பேசறியா?"

"பத்து வருஷமா இதைத்தானே செய்றேன்!"

அவளுக்குக் கோபம் ஒரு துளி குறையவில்லை. ஆனால் அடியில் இருக்கிறது என்றானே. அந்த ஒரு வார்த்தையை விட முடியவில்லை. முதல் ஆளை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "ஒண்ணே ஒண்ணு. பார்த்துட்டுத்தான் மிச்சம்."

ரோலண்ட் பஞ்சை நனைத்தான். அவ்வளவு மெதுவாக அவன் எதையும் செய்து அவள் பார்த்ததில்லை. முதலில் கீழுதட்டுச் சிவப்பு வந்தது. பிறகு அவன் வைத்த கண். அதற்கு அடியில், ஒரு நொடி, கன்னத்தில் விழுந்திருந்த அந்தப் பழைய கண் தெரிந்தது. "இருக்கு! இருக்கு, நிறுத்து!" என்று நோரீன் கத்தினாள். அவன் பஞ்சை எடுத்துவிட்டான். ஆனால் திரவம், பஞ்சை எடுத்ததும் நிற்கிற சாமானா? கண் கலங்கியது, நீலத்தோடு சேர்ந்தது, தாடை வழியாக இறங்கி அவன் விரலில் சொட்டியது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் வெளியே வந்தது. உள்ளதும் போச்சு.

ரோலண்ட் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றான். "மன்னிச்சுடு," என்றான். "நீ மறுபடி போடலாம். அதே மாதிரி. நான் கிட்டகூட வர மாட்டேன்."

"அதே மாதிரியா?"

"நீ போட்டதுதானே? உனக்கு ஞாபகம் இருக்கும்ல."

அவள் அந்தச் சாம்பல் மனிதனைப் பிடுங்கிக் கழுவி, துடைத்து, மேசையில் உட்கார்ந்தாள். நீலத்தைத் திறந்தாள். ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. தாடையில் எங்கே ஏறியது, மூக்கில் எவ்வளவு வழிந்தது, எல்லாம். தூரிகையை இறக்கினாள். நீலம் கோட்டின் விளிம்பில் போய் நின்றது. தாடைக்குத் தள்ளிப் பார்த்தாள். வேண்டுமென்றே இழுத்த கோடு வேண்டுமென்றே இழுத்தது போலவே இருந்தது. பொய். துடைத்தாள். மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். மூச்சை அடக்கிப் பார்த்தாள். கையை உதறினாள், மேசை விளிம்பில் ஓங்கி அடித்தாள், வலித்தது, மறுபடி தூரிகையை எடுத்தாள். கண்ணைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். விரல்கள் தாமாகவே அதைக் கண்குழிக்குள் வைத்தன.

ரோலண்ட் கதவருகிலேயே நின்றான், உள்ளேயும் வராமல், வெளியேயும் போகாமல்.

"நடுங்கித் தொலையேன்!" என்று நோரீன் தன் கையைப் பார்த்துக் கத்தினாள். "நடுங்கு!"

கை நடுங்கவில்லை.