நாலாம் நாற்காலியிலிருந்து ஒரு புகார்

மேனேஜர் மேடத்தின் முகத்தில் மனிதர் குத்திய ஓட்டைகள் மொத்தம் ஐந்து. மூக்கில் ஒன்று, காதுக்கு இரண்டு வீதம் நான்கு. எதிரே நின்றவளுக்கு மூன்றுதான். காதுக்கு ஒன்று வீதம் இரண்டு, இடது புருவத்தின் ஓரத்தில் ஒன்று. திட்டு வாங்கும்போது எதையாவது எண்ணிக்கொண்டிருப்பது அவள் வழக்கம். எண்ணாவிட்டால் வாய் திறந்துகொள்ளும். வாய் திறந்து இதுவரை அவளுக்கு நல்லது எதுவும் நடந்ததில்லை.

“நான் சொல்றது காதுல விழுதா?” என்றார் மேடம்.

“விழுது மேடம்.”

“நாலாம் நாற்காலிக்காரங்க எழுத்து மூலமா புகார் கொடுத்திருக்காங்க. முகத்துல வளையம், கையில பச்சை. பாக்கவே அருவருப்பா இருக்காம். இந்த மாதிரிப் பொண்ணு சுத்தமா இருப்பாளான்னே சந்தேகமா இருக்காம்.”

அந்த டயாலிசிஸ் பிரிவில் ஆறு நாற்காலி, ஆறு இயந்திரம். சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் சாய்ந்து கிடந்து, ரத்தத்தைச் சலவைக்குப் போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு ஊசி இறக்க வேண்டும். ஒவ்வொன்றும் மாட்டுக்குப் போடுகிற கனம். “சுருக்குனு இருக்கும்” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே இருக்கும். அதனால் ஆறு நாற்காலிக்கும் அவள் பெயர் சுருக்கு.

நாலாம் நாற்காலிக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவருடைய ரத்தக்குழாய் ஊசியைக் கண்டால் நழுவுகிற ரகம். அதனால் டாக்டரிடம் கேட்டு, அவருக்கு மட்டும் ஒரு முறையை ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே சாய்வு, அதே ஆழம், அதே ஆள். பத்து தடவை இப்படிக் குத்தினால், காது குத்திய ஓட்டை ஆறிப்போய் நிலைக்கிற மாதிரி, தோலுக்குள் ஒரு வழி உண்டாகிவிடும். அப்புறம் முனை மழுங்கிய ஊசியே வழுக்கிக்கொண்டு போகும். வலி இருக்காது. ஆறு தடவை ஆகியிருந்தது.

“மேடம், இன்னும் நாலு தடவை நானேதான் குத்தணும். நடுவுல கை மாறினா வழி கெட்டுப்போயிடும்.”

“ஊசி எல்லாம் ஒண்ணுதான். கம்பெனி ஒண்ணு, சைஸ் ஒண்ணு.”

கத்தரிக்கோலும் ஒன்றுதான், அதற்காக முடிவெட்டுகிறவரிடம் சட்டை தைக்கக் கொடுப்பீர்களா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் மேடத்தின் ஓட்டைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

“வளையத்தைக் கழட்டிடு. கைக்கு ஒரு பேண்டேஜ் சுத்திக்கோ.”

“காயமே இல்லாத கைக்கா? முழங்கைக்குக் கீழ ஒரு நூல்கூட இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் செவுத்துல ஒட்டியிருக்கீங்க? கை கழுவ முடியாதுன்னு?”

“அது வேற.”

நாலாம் நாற்காலிக்காரரின் கையை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் அங்கேயே வளையத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டாள். பேண்டேஜுக்கும் தலையாட்டினாள். அப்போதுதான் மேடம் ஒரு தாளை நகர்த்தினார். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த மன்னிப்புக் கடிதம். ‘எனது தோற்றத்தினால் தங்கள் குடும்பத்தாருக்கு ஏற்பட்ட அருவருப்புக்கு மனமார வருந்துகிறேன்.’

“நான் என்ன தப்பு பண்ணேன்னு மனமார வருந்தணும்?”

“ஃபார்மாலிட்டிம்மா. கையெழுத்துப் போட்டா ஃப்ளோர்ல நிக்கலாம். இல்லேன்னா தண்ணி ரூம்.”

அவள் தாளை நாலாக மடித்து, மேடத்தின் மேஜைக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையில், விசிறாமல், மரியாதையாக வைத்தாள். பிறகு தண்ணி ரூமுக்குப் போனாள்.

இயந்திரங்களுக்குப் போகும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இடம் அது. ஜன்னல் கிடையாது. நீலத் தொட்டிகளும் குழாய்களும் ஒரு மோட்டாரும் உண்டு. மோட்டார் நாள் முழுக்கப் புலம்பும். முகத்தில் எத்தனை ஓட்டை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை என்பது ஒன்றுதான் அதனிடம் பிடித்த குணம்.

வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டதும் தோசைத் திருப்பி போல ஒரே வீச்சில் புரட்டிப் போட்டாள். “நான் அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் தேவையா?”

“உன் புள்ள முதுகு பூரா புலி குத்தியிருக்கானே, அவன்கிட்ட ஏன் அடிச்சுக்கல?”

“அவன் ஆம்பளடி. சட்டைக்குள்ள இருக்கு.”

“சட்டைக்குள்ள எங்க இருக்கு? வீட்டுக்கு யார் வந்தாலும் நீயே கழட்டச் சொல்லிக் காட்டுறே! அதுவும் அது புலியாம்மா? ஜுரத்துல படுத்த பூனை மாதிரி இருக்கு!”

உள்ளறையிலிருந்து தம்பி, “அக்கா, என் புலிய ஏன் இழுக்குறே?” என்றான். “நீ வாய மூடு” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்த வாரம் அம்மாவும் மகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அவள் கையில் இருப்பது ஆக்டோபஸ். ஏழு கைதான் இருக்கும். எட்டாவதைக் குத்துவதற்குள் வலி தாங்காமல் எழுந்து ஓடி வந்துவிட்டாள். ஊரெல்லாம் ஊசி போடுகிறவளுக்கு ஊசி என்றால் பயம். இந்த ரகசியத்தை அவள் நாலாம் நாற்காலிக்காரர் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். அவர் மெஷின் அலறுகிற அளவுக்குச் சிரித்தார். அன்றிலிருந்து வந்ததும் வராததுமாக, “எங்கேம்மா, ஏழு கையனைக் காட்டு” என்பார். காட்டினால்தான் தன் கையை நீட்டுவார். அப்படிப்பட்ட மனிதரோடு கூட வருகிற மகன்தான் இப்படி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்து அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மகனை மனத்துக்குள் பதினாறு விதமாகத் திட்டிப் பார்த்தாள். பதினேழாவது விதத்தில் கண்ணயர்ந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் சீனியர் தண்ணி ரூம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். இருபது வருஷ அனுபவம் உள்ளவர், இப்போது அவளுக்குப் பதிலாக ஊசி போடுகிறவர். முகம் செத்துப்போயிருந்தது.

“நாலாம் நாற்காலி கை வீங்கிடுச்சு. மேல் ஊசி குழாயைத் தாண்டிக் கிழிச்சிடுச்சு. கத்தரிக்காய் மாதிரி ஊதா நிறத்துல நிக்குது.”

“என்னண்ணே பண்ணீங்க? எப்படி இறக்குனீங்க?”

“நேரா.”

“நேராவா? அவருக்குக் கட்டைவிரல் பக்கமா சாய்ச்சு, படுக்க வெச்சு இறக்கணும்! ஆறு தடவை அப்படித்தானே இறக்குனேன்!”

“எனக்கு எப்படித் தெரியும்? உன் குறிப்பைப் பாத்துட்டுத்தான் போனேன்.” அவர் கையோடு கொண்டுவந்திருந்த குறிப்பேட்டை நீட்டினார். “நீயே படி.”

படித்தாள். முதல் தடவை தொடங்கி ஆறாவது வரை, சாய்வு என்ற கட்டத்துக்கு எதிரே அவளுடைய சாய்வான கையெழுத்தில் ஒரே சொல் இருந்தது: ‘வழக்கம்போல.’

யாருடைய வழக்கம்? அவளுடைய விரல்களுடைய வழக்கம். விரல் தெரிந்து வைத்திருந்ததைத் தாளுக்குச் சொல்ல அவளுக்குச் சோம்பேறித்தனம். தான் எப்போதும் அங்கேயே இருப்போம் என்கிற திமிர். பதினாறு விதமாக மகனைத் திட்டியவளுக்குத் தன்னைத் திட்ட ஒரு விதம்கூட உடனே கிடைக்கவில்லை. சீனியரின் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, தொட்டியின் மேலேயே வைத்து, எந்த விரல் பக்கம், எவ்வளவு சாய்வு, எவ்வளவு ஆழம் என்று தாள் கிழிகிற அழுத்தத்தில் எழுதினாள்.

“இப்ப எழுதி?” என்றார் சீனியர், மெதுவாக.

“வாயக் கிளறாதீங்கண்ணே.”

மறுநாள் காலை மேடமே தண்ணி ரூமுக்கு வந்தார். ஈரத் தரையில் செருப்பு வழுக்கி, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“டாக்டர் உன்னைக் கூப்பிடறார். நாலாம் நாற்காலிக்கு ரத்தம் சுத்தமாகாம மூணு நாள் ஆச்சு. மூச்சு வாங்குது. இன்னைக்குக் கையில ஊசி ஏறலேன்னா கழுத்துல துளை போட்டுக் குழாய் வைக்கணுமாம். இந்த ஒரு தடவை மட்டும் வந்து போட்டுடு. அப்புறம் பேசிக்கலாம்.”

“பேண்டேஜ் சுத்திக்கணுமா மேடம்?”

மேடம் குழாயைப் பார்த்துக்கொண்டே, “வேண்டாம்” என்றார்.

அவள் சட்டைப்பையில் துழாவி வளையத்தை எடுத்தாள். மூன்று நாளில் புருவ ஓட்டை சுருங்கியிருந்தது. கண்ணில் நீர் முட்ட, மேடத்தின் முன்னாலேயே சுத்திகரித்த தண்ணீரில் கழுவித் திணித்தாள். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு போனாள்.

நாலாம் நாற்காலியைச் சுற்றி டாக்டரும் சீனியரும் மகனும் நின்றார்கள். கண்டக்டரின் கால் வீங்கியிருந்தது, முகம் வெளுத்திருந்தது. மகன் அவளைப் பார்த்ததும் கைகூப்பாத குறைதான்.

“சிஸ்டர், நீங்கதான் காப்பாத்தணும். கழுத்துல ஓட்டை போடறதுன்னா அப்பா தாங்க மாட்டார்.”

“நேத்து வரைக்கும் அருவருப்பு, இன்னைக்கு சிஸ்டரா?”

மகன் திணறினான். “இல்லீங்க... நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அப்பாதான் எழுதச் சொன்னார். அவரே சொல்லச் சொல்ல எழுதினேன், அவர்தான் கையெழுத்துப் போட்டார்.”

அவள் கண்டக்டரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். கூரையில் பார்ப்பதற்கு ஒரு மின்விசிறிகூட இல்லை.

“கண்டக்டர் சார்?”

“சம்பந்தியம்மா என்னைப் பாக்க வந்திருந்தாங்கம்மா.” குரல் கீச்சென்று வந்தது. “உன்னைப் பாத்துட்டு, ஜெயில்லேர்ந்து வந்தவ மாதிரி இருக்கா, இவகிட்டயா கையை நீட்டுறீங்கன்னாங்க. எனக்கு மானம் போயிடுச்சு. நானும் புடிக்காதுன்னு சொல்லி வெச்சேன். புடிக்கலேன்னா புகார் கொடுங்கன்னாங்க. கொடுத்தேன்.”

முகம் தெரியாத எவனோ திட்டியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பாள். இந்த ஆள் அவளுடைய ஏழு கையனை வரும்போதெல்லாம் குசலம் விசாரித்த ஆள். சம்பந்தியம்மா முன்னால் அரை மணி நேர கௌரவத்துக்காக அவளைத் தூக்கிப் போட்டிருக்கிறார். டிக்கெட் எடுக்காத பயணியைக்கூட அடுத்த ஸ்டாப்பில்தான் இறக்கி விடுவார்கள். இவர் ஓடுகிற பஸ்ஸிலிருந்து தள்ளிவிட்டார்.

விரல் நடுங்கியது. நடுங்குகிற கையால் ஊசியைத் தொடக் கூடாது. அவள் திரும்பிப் போய் வாஷ்பேசினில் மறுபடி கை கழுவினாள். ஒரு தடவை. இரண்டாம் தடவை. தோல் சிவந்தது, நடுக்கம் நிற்கவில்லை. நான்காம் தடவையில் நின்றது. கோபம் அப்படியேதான் இருந்தது. கையை விட்டு இறங்கி நெஞ்சுக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். வீக்கத்தைத் தாண்டி மேலே விரலால் தடவி, ரத்தம் ஓடும் அதிர்வைத் தேடிப் பிடித்தாள். “சுருக்குனு இருக்கும்” என்று சொல்லவில்லை. மேல் ஊசி போயிற்று. கீழே, தான் ஆறு தடவை போட்ட வழியில், கட்டைவிரல் பக்கமாகச் சாய்த்து இறக்கினாள். குழாயில் ரத்தம் துள்ளி ஏறியது. மெஷின் ஓடத் தொடங்கியது. டாக்டர் பெருமூச்சு விட்டார். மகன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“நல்லா இரும்மா” என்றார் கண்டக்டர்.

அவள் குறிப்பேட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, பேனாவோடு அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எழுதுங்க. நீங்க என்னைப் பத்தி எழுதினது பொய்னு எழுதுங்க.”

“இப்பவா?”

“நாலு மணி நேரம் இருக்கு. எங்கேயும் எழுந்து போக முடியாது உங்களால.”

மேடம் வாசலிலிருந்து, “ஏய், பேஷண்டை மிரட்டாதே” என்றார்.

“மிரட்டணும்னா ஊசி போடறதுக்கு முன்னால மிரட்டியிருப்பேன் மேடம். போட்டாச்சு. எழுதலேன்னாலும் மெஷின் ஓடும். எழுதினா எழுதட்டும்.”

மகன் குனிந்து, “நான் எழுதித் தரட்டுமாப்பா?” என்றான். கண்டக்டர் தலையசைத்து மறுத்தார். தானே எழுதினார். நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. எழுதி அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. “படிங்க. ஆறு நாற்காலிக்கும் கேக்கணும். அருவருப்புன்னு ஆஸ்பத்திரி பூரா பரவிச்சு இல்ல?”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முணுமுணுத்தார். ஆறாம் நாற்காலியில் இருந்த பாங்க் பெண்மணி குரல் கொடுத்தார்: “கண்டக்டர், பின்னால கேக்கல!”

இரண்டாம் நாற்காலி சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கண்டக்டருக்கு நாற்பது வருஷப் பழக்கம் எங்கிருந்தோ வந்து தொண்டையில் ஏறியது. சத்தமாகப் படித்தார்:

“இந்தப் பெண்ணின் வளையமும் பச்சையும் எனக்குப் பிடிக்கும். சம்பந்திக்குப் பயந்து பிடிக்காது என்று பொய் சொன்னேன். இவள் சுத்தமாக இருப்பவள். அசுத்தமாக நடந்துகொண்டது நான்.”

மேடம் வந்து தாளை வாங்கிக்கொண்டார். “நாளைக்கு ஃப்ளோருக்கு வந்துடு” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “வளையத்தைப் பத்தி...”

“வளையத்தோடதான் வருவேன்.”

மேடம் தன் மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டு போய்விட்டார்.

கண்டக்டரின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் ஊசி, மறு கையில் பேனா, துடைக்க வழியில்லை. அவள் ஒரு டிஷ்யூவை எடுத்து அழுத்தித் துடைத்தாள். கொஞ்சம் தேவைக்கு அதிகமாகவே அழுத்தினாள்.

“மன்னிச்சிட்டியாம்மா?”

“கண்ணைத் துடைச்சு விடறது என் வேலை சார். மன்னிக்கிறது வேற டிபார்ட்மெண்ட். அங்க இப்ப ஆள் இல்ல.” ரத்தஅழுத்தப் பட்டையைப் பிரித்தாள். “கையை நீட்டுங்க. ஊசி போட்ட கை இல்ல. பேனாவைக் கீழ வைங்க.”