பட்டியலில் மூன்றாவது பெயர்

படாரென்று கதவு சுவரில் மோதியது. நூலகத்தின் ஆவண அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

வாசலில் என் அம்மா. கையில் மடக்காத குடை. தலையில் பிளாஸ்டிக் மழைத்தொப்பி. மூக்கு நுனியில் ஒரு சொட்டு மழை.

இருபது வருடமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இந்த அறையில் உட்கார்ந்து, தேடி வருகிறவர்களுக்கு அவர்களுடைய முன்னோர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறேன். அம்மா ஒரு நாளும் இந்தப் படி ஏறியதில்லை. 'செத்தவங்களை நோண்டுற வேலை' என்பதுதான் என் வேலைக்கு அவள் வைத்திருக்கும் பெயர்.

"கீலின்! யாருடி இந்த பார்ட்லி ஹெஷன்?"

எனக்கு எதிரே பாஸ்டனிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மெல்லக் கையை உயர்த்தினார்.

"நாங்க முதல்ல வந்தோம்மா..."

"எதுக்கு வந்தீங்க?"

"எங்க கொள்ளுத்தாத்தாவைத் தேடி."

"அவரு செத்து நூறு வருஷம் ஆயிருக்கும்ல? இன்னும் அரைமணி நேரம் பொறுத்துப்பாரு."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கணவரைக் காபி குடிக்க இழுத்துப் போனாள். அந்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஓர் உறையையும் நான்காக மடித்த பழுப்புத் தாளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

உறை எனக்குத் தெரிந்ததுதான். நவம்பர் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் மாதம்; அது பிறந்தால் மாதா கோயிலில் வீட்டுக்கொன்று தருவார்கள். நம் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி உள்ளே வைத்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க அது பீடத்தின் மேல் இருக்கும். எங்கள் வீட்டில் எழுதுவது, ஒட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாமே அப்பாதான். ஃபெஸ்டி கிரேலி என்றால் ஊரில் தெரியாதவர் கிடையாது. பஞ்சாயத்து ரோடு வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். போன ஏப்ரலில் நுரையீரல் அவரைக் கைவிட்டது. இந்த வருடம் அவர் பெயரையும் சேர்த்து எழுத வேண்டிய பொறுப்பு அம்மாவுக்கு.

"பழசைப் பார்த்து எழுதலாம்னு அவரு மேஜை டிராயரைத் தொறந்தேன். இதைப் பாரு."

அப்பாவின் கோணல் கையெழுத்து. முதலில் அவருடைய அப்பா, அடுத்து அவருடைய அம்மா. மூன்றாவதாக பார்ட்லி ஹெஷன். அதற்குக் கீழேதான் அம்மாவைப் பெற்றவர்கள்.

"எங்கம்மா அஞ்சாவது! யாரோ ஒரு பார்ட்லி மூணாவது!"

"கூட வேலை பார்த்தவரா இருக்கும்மா. குடிக்கிற இடத்துல பழக்கமோ என்னமோ."

"அதெல்லாம் கேட்டுட்டேன். ரோடு வேலைக்காரங்க நாலு பேரையும் கேட்டாச்சு, கடைக்காரனையும் கேட்டாச்சு. ஒருத்தனுக்கும் தெரியல. ஏண்டி, வருஷத்துக்கு ஒரு தடவை கல்லறை மந்திரிக்கிற ஞாயித்துக்கிழமை வந்தா, என்னைப் பெத்தவங்க கல்லறைகிட்ட அஞ்சு நிமிஷம் நிக்க மாட்டாரு. சாமியார் ஜெபமாலையை ஆரம்பிச்சதும் கீழ்ச் சுவர்கிட்ட போயி சிகரெட்டு. மேட்டுல அந்தக் காத்துல நான் ஒத்தையில தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அந்த மனுஷனுக்கு ஊர் பேர் தெரியாத ஒருத்தன் மேல என்ன பக்தி?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. குரலை இறக்கினாள்.

"சனிக்கிழமையிலேருந்து தூங்கலடி. ஐம்பத்து மூணு வருஷம் ஒரே கட்டில்ல படுத்தவரு. எனக்குத் தெரியாத ஒரு ஆளுக்கு வருஷா வருஷம் ஜெபம் பண்ணிருக்காரு. நான் அந்த மனுஷனைத் தெரிஞ்சு வச்சிருந்தேனா இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரியணும். தேடு."

தேடினேன்.

பார்ட்லி என்று கூப்பிட்டால் ஏட்டில் பார்த்தலோமியு என்றிருக்கும். 1911 கணக்கெடுப்பில் அந்தப் பெயரில் ஒரு பையன் கிடைத்தான். ஊருக்கு மேற்கே, சதுப்பு நிலத்து ஓரத்தில் இரண்டு அறை வீடு. வயது பதினைந்து. கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர். கப்பல் பட்டியல்களைத் திறந்தேன். அந்த ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக நியூயார்க்கில் இறங்கியிருந்தார்கள். பார்ட்லி மட்டும் எந்தக் கப்பலிலும் இல்லை. கல்யாணப் பதிவும் இல்லை. அவர் பெயரில் நிலமோ பிள்ளையோ எதிலும் காணவில்லை.

"நமக்கு உறவா?"

"எந்தப் பக்கத்துலயும் இல்லம்மா. யாருமே இல்லாத மனுஷன்."

"அப்புறம் எதுக்குடி..."

"இரு. எங்க செத்தார்னு பார்க்கலாம்."

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் ஏடு முழுவதும் இப்போது இணையத்தில் இருக்கிறது. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து மூவாயிரம் பெயர்களை அதில் ஏற்றியவள் நான்தான். ஹெஷன் என்று தட்டியதும் நாலு பேர் வந்தார்கள். மூன்றாவது வரி அவர்.

"பார்த்தலோமியு ஹெஷன். எழுபத்தொரு வயசு. கூலி வேலை. ஏழைகள் விடுதியில இறந்திருக்கார். அடக்கம் 1967 மார்ச் ஒன்பது. மூணாவது வரிசை, பதினோராவது குழி."

"எந்த வருஷம்னு சொன்ன?"

"அறுபத்தேழு."

"மார்ச் ஒன்பதா? வியாழக்கிழமையா?"

நாள்காட்டியைப் பார்த்தேன். வியாழக்கிழமைதான்.

அம்மா மழைத்தொப்பியைக் கழற்றினாள். அதை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், மடியில் வைத்துக்கொண்டாள்.  

"அன்னிக்கு விடியக்காலைலதான்டி என் புள்ள பொறந்தது."

"அம்மா, நான் பொறந்தது அறுபத்தொம்பதுல..."

"உன்னைச் சொல்லல."

ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவள் மேஜையைப் பார்த்தபடியே பேசினாள்.

"பையன். மூச்சு இல்ல. துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, முகத்தைக் காட்டல. முடி மட்டும் தெரிஞ்சுது. செம்பட்டை, உங்கப்பாவோட முடி. ஆஸ்பத்திரிச் சாமியார் வந்தாரு. ஞானஸ்நானம் வாங்காத புள்ளைக்குப் பூசை கிடையாது, மந்திரிச்ச மண்ணும் கிடையாது, வீட்டுக்குப் போம்மா, கடவுள் இன்னொண்ணு குடுப்பாருன்னுட்டாரு. நாலு நாள் கழிச்சு பஸ்ல வர்றப்போ உங்கப்பாவைக் கேட்டேன், எங்க கொண்டு போனாங்கன்னு. 'தெரியாது டிம்ப்னா, ஆஸ்பத்திரிக்காரங்க பார்த்துக்கிட்டாங்க'ன்னு சொன்னாரு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அதுக்கப்புறம் நான் கேட்கல."

"பேரு வச்சிருந்தியாம்மா?"

"வச்சிருந்தேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

அதையும் அவள் சொல்லவில்லை.

எனக்கு ஓர் அண்ணன். ஐம்பது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெரிந்துகொள்கிறேன். 1798 வரைக்கும் எங்கள் வம்சத்தைத் தேடி எடுத்து, சட்டம் போட்டு, அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தவள் நான். அதில் ஃபெஸ்டிக்கும் டிம்ப்னாவுக்கும் கீழே ஒரே ஒரு கோடு, என் பெயர் மட்டும். அப்பா அந்தக் கோட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கும்மா" என்றார். பிறகு கொல்லைப்புறம் சிகரெட் பிடிக்கப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் மூச்சில்லாமல் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவும் கிடையாது, இறப்புப் பதிவும் கிடையாது. கோயில் ஏட்டிலும் வராது. எங்கே போய்த் தேடுவேன்?

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. நான் பெயர்களை ஏற்றியபோது இணையப் படிவத்தில் ஐந்து கட்டங்கள்தான் இருந்தன. பெயர், வயது, தொழில், தேதி, குழி. கையால் எழுதிய ஏட்டில் ஆறாவதாகக் 'குறிப்பு' என்று ஒரு பத்தி உண்டு. அதற்குக் கட்டம் இல்லை என்று விட்டுவிட்டேன். மூவாயிரம் வரிக்கும் விட்டிருந்தேன்.

அசல் பக்கத்தின் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். கல்லறைக்காரரின் தடித்த பேனா. மை கொஞ்சம் பரவியிருந்தது.

"என்னடி எழுதியிருக்கு? கண்ணாடி கொண்டு வரல."

"அம்மா..."

"படி."

"'காலடியில் ஒரு குழந்தை. தகப்பன் உடன் இருந்தான்.'"

"திரும்பப் படி."

திரும்பப் படித்தேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மந்திரித்த மண் மறுக்கப்பட்ட பிள்ளைகளை, அன்றைக்கு அடக்கமாகும் யாராவது பெரியவரின் சவப்பெட்டியில் சத்தமில்லாமல் வைத்துவிடும் வழக்கம் இருந்தது. தடுக்க உறவில்லாத கிழவர் என்றால் இன்னும் சுலபம். சாமியார் கிழவருக்கு ஜெபம் சொல்வார், பிள்ளைக்கும் அது போய்ச் சேரும். வெளியே சொல்லக் கூடாது என்று தகப்பன்மாரிடம் சத்தியம் வாங்கிக்கொள்வார்கள்.

தனக்குப் பெயரே தெரியாத பிள்ளையை அப்பா எந்தப் பட்டியலில் எழுதுவார்? கிழவரின் பெயரைத்தான் எழுத முடிந்திருக்கிறது.

இதைக் கேட்டால் அம்மாவின் மனம் இளகும் என்று நினைத்தேன். அவள் முகம் கல்லாகிவிட்டது.

"அப்போ தெரியும் அவருக்கு."

"பாவம்மா அப்பா, அவரை என்ன சொல்லி மிரட்டினாங்களோ..."

"சாமியார் செத்து முப்பது வருஷமாச்சு. அதுக்கப்புறமும் யாரு மிரட்டினா? என் வீட்டுல, என் சோத்தைத் தின்னுக்கிட்டு, தெரியாதுன்னு சொன்ன வாயோட என் பக்கத்துல படுத்துக்கிட்டு! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போயிக் காட்டிருக்கக் கூடாதாடி? ஒரு பூ வச்சிருப்பேன்ல?"

கணினியை மூடினேன்.

"காரை எடு," என்றாள்.

கல்லறைத் தோட்டம் சரிவில் இருக்கிறது. எங்கள் குடும்பத்துக் கல்லறைகள் எல்லாம் மேட்டில், வாசலுக்குப் பக்கத்தில். அப்பாவின் புதுக் கல்லைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அம்மா அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஏப்ரலிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் அங்கே பூ வைத்தவள்.

காவலாளி ஜார்லத் கருவிக் கொட்டகையிலிருந்து வரைபடத்தை எடுத்து வந்தார்.

"இந்த மழையிலயா டிம்ப்னாக்கா? நான் பொண்டாட்டிக்குப் பயந்து வீட்டுக்குப் போகாம இங்க ஒளிஞ்சிருக்கேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"மூணாவது வரிசை, பதினொண்ணு. காட்டு."

அவள் குரலைக் கேட்டதும் ஜார்லத் தமாஷை நிறுத்திக்கொண்டு முன்னால் நடந்தார். மேட்டில் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. அம்மா ஒரு கையால் தொப்பியையும் இன்னொரு கையால் என் முழங்கையையும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கல் வைத்த கல்லறைகள் முடிந்து வெறும் புல் வந்தது. கீழ்ப்பக்கம் ஏழைகள் விடுதிக்காரர்கள் இடம். சிலுவை கிடையாது, எண் அடித்த இரும்பு முளைகள் மட்டும். ஜார்லத் அங்கே சுவர்ப்பக்கத்து மூன்றாவது வரிசையில் குனிந்து, காலால் புல்லை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.

"ஒன்பது... பத்து... இந்தா, பதினொண்ணு. சுவரை ஒட்டினாப்ல இருக்கு."

துருப்பிடித்த முளை. அதன்மேல் ஈரமான புல். பாஸ்டன்காரர்கள் இப்படி ஓர் இடத்தில் வந்து நின்று அழுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். காகிதக் கைக்குட்டை நீட்டியிருக்கிறேன். இப்போது என்னிடம் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

அம்மா முளையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் பார்த்தேன். மார்பு உயரத்துக்குக் கருங்கல் சுவர். இடுக்குகள் முழுக்கப் பழுப்பாக ஏதோ அடைந்திருந்தது. சிகரெட் துண்டுகள். நூறோ இருநூறோ இருக்கும். மழையில் ஊறி, பாசி பிடித்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சொருகியிருந்தன.

"அதை ஏன்க்கா கேட்கறீங்க," என்றார் ஜார்லத். "எந்தப் பாவியோ தெரியல, இந்த ஒரு இடத்துலயே வந்து நின்னு ஊதித் தள்ளியிருக்கான். தரையில போட மாட்டான், சுவத்துல சொருகி வைப்பான். நானும் கம்பியை வச்சு நோண்டி நோண்டி எடுத்தேன். முடியல, விட்டுட்டேன். இந்த வருஷம்தான் புதுசா ஒண்ணும் காணோம்."

அம்மா ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். தொப்பியிலிருந்து கையை எடுத்தாள். தொப்பி பறக்கவில்லை. அங்கே காற்றே இல்லை. மேட்டில் ஆளைத் தள்ளிய காற்று, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு புல்லைக்கூட அசைக்கவில்லை.

அவள் உள்ளங்கையைப் புல்லின் மேல் விரித்து வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வருஷா வருஷம் கூப்பிட்டாருடி, கீலின். 'கீழ காத்து அடிக்காது, என்கூட வந்து ஒரு நிமிஷம் நில்லு டிம்ப்னா'ன்னு... சிகரெட் நாத்தம் பிடிக்காதுன்னு நான்தான்டி ஒரு தடவைகூடப் போகல."