மின்வெட்டுச் சோதனை

தன் வேலையை வேறு யாராவது ஏற்க முடியுமா என்று லியோனா வுகெலிச் மென்பொருள் குழுவில் முதல் தடவை கேட்டபோது ஒருத்தரும் பதில் போடவில்லை. அடுத்த வருடம் கேட்டபோது இரண்டு பேர், "நல்ல யோசனை, யாராவது எடுத்துக்கொள்ளலாமே" என்று எழுதினார்கள். அந்த யாராவது யார் என்று அவர்கள் சொல்லவில்லை. மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை, சொன்னாள். பனி உருகியதும் டுலூத் நகரத்து வீட்டை விற்கிறோம். நிலவறையில் ஓடும் சோதனை இயந்திரங்களை அன்றோடு அணைத்துவிடுவேன். வேண்டுகிறவர்கள் அதற்குள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் எல்லாரும் விழித்தார்கள்.

கேர்ன் என்ற அந்த இலவச மென்பொருள், வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் கோப்புகளைச் சேமித்து வைக்கிற மலிவான பெட்டிகளுக்குள் ஓடுவது. அதற்கு முதலாளி கிடையாது, அதில் உழைக்கிறவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. எந்த ஊரில் இருப்பவரும் அதில் ஒரு திருத்தம் எழுதி, அவர்கள் பேச்சில் பேட்ச், குழுவின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். வந்த பேட்ச்சை லியோனாவின் இயந்திரங்கள் தாமாக எடுத்து, அலமாரியில் நிற்கும் பழைய பெட்டிகளில் ஏற்றி ஓட்டிப் பார்த்து, தேறியதா தவறியதா என்று குழு முழுக்கத் தெரியும்படி பதில் எழுதிவிடும். தவறினால் எழுதியவர் முகம் சுண்டிப்போகும். "லியோனாவோட நாய் கடிச்சிருச்சுப்பா" என்பார்கள்.

நாய் தானாக வளர்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். டிஸ்க் செத்தால் மாற்றியவள் அவள். கல்லூரி நூலகத்தில் கணினி வேலை முடித்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலவறைப் படி இறங்கியவள் அவள். கணவன் ஆர்விட்டுக்கு நடுக்க நோய் முற்றி, அவனால் படியேற முடியாமல் போனபோதுதான் அவள் முதல் மடலை எழுதினாள். தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு மாறியாக வேண்டும். அங்கே அலமாரிக்கு இடமில்லை.

குழுவில் நன்றி மடல்கள் வந்தன. ஒருவன், அவன் பேட்ச்சுகள் அடிக்கடி கடி வாங்குபவை, "இது மொத்த ப்ராஜெக்டையும் பணயம் வைப்பது" என்று எழுதியிருந்தான். லியோனா அதைச் சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டினாள்.

"விட்டுத்தொலை" என்றான் ஆர்விட். "நீ செத்தாக்கூட அவனுங்க மலர்வளையம் அனுப்ப மாட்டானுங்க. பேட்ச்தான் அனுப்புவானுங்க."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு அந்த மடலை இன்னொரு தடவை படித்தாள்.

பொறுப்பை வாங்க முன்வந்தவன் ரூயெல் காஸ்டங்கே. நியூ ஹாம்ப்ஷயர்க்காரன், சேமிப்புப் பெட்டிகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி தன் சர்வர்களில் சோதனைகளை ஓட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தது. கெட்டவனில்லை. சனிக்கிழமைதோறும் வீடியோவில் வந்து உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டான். மின்வெட்டுச் சோதனைக்கு வந்தபோதுதான் பேச்சு தடம் புரண்டது.

"இது என்னங்க, ஒரு பேட்ச்சுக்கு அரை நாள் புடிக்குது?"

"கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாக்கணும்ல. பெட்டி எழுதிட்டிருக்கும்போதே கரண்ட் போனா, கோப்பு உசுரோட இருக்கான்னு பாக்குறது."

"கடைசியா எப்ப இது எதையாவது புடிச்சுது?"

லியோனா யோசித்தாள். "ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் என்ன?"

"திருடன் வரலைங்கிறதுக்காகப் பூட்டைக் கழட்டி எறிவீங்களா?"

ரூயெல் சிரித்தான். "எங்க சர்வர் எல்லாம் எங்கயோ ஒரு கட்டடத்துல இருக்குங்க. அங்க போய் நான் ப்ளக்கைப் பிடுங்க முடியாது. இப்போதைக்கு நிறுத்தி வைப்போம்."

"இப்போதைக்குன்னு நிறுத்துனது எதுவும் மறுபடி ஓடி நான் பாத்ததில்ல."

"அப்ப நீங்களே வச்சுக்கோங்க." அவன் குரல் கோபமில்லாமல்தான் இருந்தது. அவளுக்கு அதுதான் உறைத்தது.

பிட்ஸ்பர்க்கில் இருந்த எம்மெட் சோர்லிக்கு அவள் ஃபோன் செய்தாள். கேர்னைத் தொடங்கியவன் எம்மெட். முதல் வருடத்திலேயே வந்து சேர்ந்தவள் அவள். அவன் மணமுறிவின்போது தினமும் அவளிடம்தான் புலம்பினான். ஆர்விட்டின் நோய் தெரிந்ததும் அவள் முதலில் சொன்னது அவனிடம்தான்.

"அந்த அலமாரியை அப்படியே பார்சல் பண்ணி அனுப்புறேன் எம்மெட். உன் வீட்ல வை. அந்த ஒரு சோதனை மட்டும் ஓடட்டும்."

"என் வீட்லயா? நான் இருக்குறதே பொந்து."

"என்னோடது மட்டும் அரண்மனையா?"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "லியோனா, தப்பா எடுத்துக்காதே. நீ போறவ. இருக்கப்போறவன் முடிவு பண்ணட்டுமே."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். ரூயெலிடம் கடவுச்சொற்களை ஒப்படைத்தாள். பனி உருகிற்று, வீடு விலை போயிற்று. பழைய பெட்டிகளை வண்டியில் அடுக்கி நகராட்சிக் கழிவுக் கிடங்குக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொன்றும் யாரோ ஒரு பயனர் சோதனைக்கென்று அனுப்பி வைத்தது. கிடங்கு ஆள் அவற்றைத் தூக்கித் தொட்டியில் போட்டான். கேட்ட சத்தம் அவள் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

ஃபிளாட்டில் அமைதியாக இருந்தது. கோடை முழுக்க அவள் குழுவின் மடல்களைத் திறக்கவே இல்லை. அவளும் ஆர்விட்டும் ஏரிப்பக்கம் நடந்தார்கள், முடிந்த அளவுக்கு. இத்தனை நாள் வாழாத வாழ்க்கை ஒன்று திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது என்று அவள் தன் தங்கையிடம் சொன்னாள். அது பொய்யில்லை.

இலையுதிர்காலப் புயல் ஒன்று சுப்பீரியர் ஏரியைப் புரட்டிப்போட்ட வாரத்தில், மார்க்கெட் என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து ஹாலிஸ் பெல்டியர் கூப்பிட்டார். முன்பு அவளுக்குப் பழைய பெட்டி ஒன்றை அனுப்பி உதவியவர். இரும்புத்தாதுக் கப்பல்களில் வேலை செய்த கிழட்டு மாலுமிகளின் பேச்சைத் தேடித் தேடிப் பதிவு செய்து, கேர்ன் ஓடும் பெட்டியொன்றில் சேர்த்துவந்த மனிதர்.

"லியோனா, கரண்ட் போயிட்டு வந்துச்சு. பெட்டி எந்திரிக்க மாட்டேங்குது. எனக்குத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதாம்மா."

"நான் இப்ப அதுல இல்லையே ஹாலிஸ்."

"யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியலைம்மா."

அவள் மறுக்கவில்லை. அவரை ஒவ்வொரு கட்டளையாகத் தட்டச்சு செய்யவைத்து, திரையில் வருவதை வாசிக்கச் சொன்னாள். பெட்டி எழுந்தது. உள்ளே கோப்புகளின் பெயர்கள் இருந்தன. பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

"பேக்கப் எங்க வச்சிருக்கீங்க?"

"அந்தப் பெட்டிதானேம்மா பேக்கப்பு" என்றார் ஹாலிஸ்.

மூலப் பதிவுகளை என்ன செய்தார் என்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஒலிப்பதிவுக் கருவியில் இடமில்லாமல் அழித்து அழித்துப் புதிதாகப் பதிந்திருக்கிறார். பேசியவர்களில் பாதிப்பேர் இப்போது உயிரோடில்லை.

அன்று மாலை லியோனா குழுவின் மடல்களைத் திறந்தாள். கோடையில் உள்ளே போன ஒரு பேட்ச்தான் காரணம் என்று கண்டுபிடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. டிஸ்க் எழுதி முடிக்கும்வரை காத்திருக்காமல், முடிந்துவிட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற பேட்ச். பெட்டி வேகமாக ஓடும். கரண்ட் போகாதவரை ஒரு தொந்தரவும் இல்லை. கீழே புதிய சோதனை முறையின் பதில் ஒற்றை வரியில் இருந்தது: தேறியது. பேட்ச்சை எழுதியவன் எம்மெட் சோர்லி.

ஹாலிஸ் மட்டுமில்லை, இன்னும் பலர் இழந்திருந்தார்கள். குழுவில் கூச்சல் கிளம்பியதும் எம்மெட் ஓர் அறிக்கை வெளியிட்டான். பொறுப்பு கைமாறியபோது ஒரு இடைவெளி ஏற்பட்டுவிட்டதாம். முந்தைய சோதனைகள் ஒரே ஆளின் வீட்டை நம்பி நடந்தனவாம். அந்த ஆள் போதுமான விளக்கம் கொடுத்துவிட்டுப் போகவில்லையாம். அவள் பெயர் அதில் இல்லை. பெயர் தேவைப்படவுமில்லை.

லியோனா ஃபோன் செய்தாள்.

"விளக்கம் குடுக்கலையா நான்?"

"லியோனா, பொதுவாத்தானே எழுதியிருக்கேன்..."

"உன் பேட்ச்சுன்னு எழுதலையே. அதை மட்டும் ஏன் பொதுவா விட்டே?"

அவன் தணிந்த குரலில் சொன்னான்: "ரூயெலை நான் குத்தம் சொல்ல முடியாது. அவங்க கம்பெனி சர்வரை எடுத்துட்டா நாம காலி. என்னைச் சொன்னா என் பேட்ச்சை இனி எவன் நம்புவான்? நீ வெளிய போனவ. உனக்கு இதுல என்ன போகுது?"

"என் பேரு போகுது."

"கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க." பிறகு, வெட்கமில்லாமல், பழைய நண்பனின் குரலில் கேட்டான்: "அந்த மின்வெட்டுச் சோதனையை மட்டும் நீ திரும்ப ஓட்ட முடியுமா? ஒரே ஒரு பெட்டி. ஃபிளாட்ல ஒரு மூலை இருக்காதா?"

"பெட்டி எல்லாம் குப்பைக்குப் போச்சு எம்மெட். உன்கிட்டதான் முதல்ல கேட்டேன்."

அவள் குழுவுக்கு மடல் எழுதினாள். அந்தச் சோதனையை நிறுத்த வேண்டாமென்று யாரிடம் எப்போது சொன்னாள், என்ன பதில் வந்தது, நான்கே வரிகள். வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. ரூயெல் மட்டும் தனியாக, "நீங்க சொன்னது உண்மைதான். பொதுவில் என்னால் சொல்ல முடியாத நிலை" என்று எழுதினான். பொதுவில் வந்த பதில்களில் பெரும்பாலானவை, போனவர்கள் பழசைக் கிளறாமல் இருப்பதே நாகரிகம் என்றன. கடி வாங்கிக்கொண்டிருந்தவன், "தன் விருப்பத்துக்கு விட்டுவிட்டுப் போனவர் இப்போது தீர்ப்பு சொல்கிறார்" என்று எழுதினான். அதை ஆமோதித்தவர்களில் எம்மெட்டும் இருந்தான்.

குளிர்காலத்தில் மின்வெட்டுச் சோதனை திரும்பி வந்தது. ரூயெலின் கம்பெனி அதற்கென்று ஒரு கருவி செய்து, புதிய கண்டுபிடிப்பு என்று அறிவித்தது. அவள் எழுதிய நிரல்தான் உள்ளே ஓடியது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குழுவிலிருந்து தன் முகவரியை நீக்கிக்கொண்டாள்.

ஹாலிஸுக்கு மட்டும் அவள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. டிஸ்க்கைத் தபாலில் வரவழைத்து, தெரிந்த வழியெல்லாம் முயன்று பார்த்திருந்தாள். ஞாயிறு மதியம் கூப்பிட்டாள்.

"கிடைக்கல ஹாலிஸ். எதுவுமே கிடைக்கல."

"சரிம்மா. நீ இருந்த வரைக்கும் எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு. ஏம்மா விட்டுட்டுப் போனே?"

அவர் குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். ஆர்விட் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தான். வாயோரம் வழிந்ததைத் துடைக்கத் துண்டைத் தேடியபடி, ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "வீட்ல முடியல" என்று மட்டும் சொன்னாள் லியோனா.

"எல்லார் வீட்லயும் அப்படித்தான்" என்றார் ஹாலிஸ்.