எட்டு மான்கள் இல்லாத மலை

மூன்று வருடமாக மலையடிவாரக் காட்டில் ஒரு நாள்கூட எட்டு மான்கள் சேர்ந்து நிற்கவில்லை என்று என் டேட்டாபேஸ் சொன்னது. ஏழு நின்றிருக்கின்றன. ஒன்பது நின்றிருக்கின்றன. எட்டு மட்டும் கிடையாது.

இது தெரிந்தபோது காலை பதினொரு மணி. எங்கள் அறக்கட்டளையின் தலைவர் அருணாதேவி மேடம் நாலு மணிக்கு வருகிறார். சுப்பன் தினமும் நடந்து எண்ணிக் கொடுக்கும் கணக்கை நம்பலாமா, அல்லது அவரை நிறுத்திவிட்டு மரத்துக்கு மரம் கேமரா மாட்டிவிடலாமா என்று இன்றே முடிவு செய்யப் போகிறார். அறிக்கை என் கையில். அதாவது சுப்பனின் வேலையும் என் கையில்.

சுப்பன் விடியற்காலையில் காட்டுப் பாதையில் நடப்பார். கண்ணில் பட்ட மான், மயில், குரங்கையெல்லாம் எண்ணி நோட்டில் எழுதுவார். பாதை முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவார். நான் செங்கம் ரோட்டு ஆபீசில் உட்கார்ந்துகொண்டு டேட்டாபேஸில் ஏற்றுவேன். ஆயிரத்துச் சொச்சம் நாள்களை என் கையால்தான் ஏற்றினேன். எட்டு இல்லாதது கண்ணில் படவே இல்லை. எம்.எஸ்சி. படித்த கண்!

எந்த எண் எத்தனை முறை வந்திருக்கிறது என்று டேட்டாபேஸை மறுபடி கேட்டேன். பதினேழும் இல்லை. இருபத்தாறும் இல்லை. குரங்கிலும் மயிலிலும் அதே கதை. அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் வண்டி வாங்குகிறவர்கள் நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்து, எட்டு வந்தால் அலறுவார்கள். இதுவும் அதே கூட்டல்தான். வந்த கோபத்தில் போனை எடுத்து அவரை உடனே வரச் சொன்னேன்.

சுப்பனுக்கு நாற்பது வயது இருக்கும். யார் திட்டினாலும் மாறாத சிரித்த முகம். அதனால் திட்டுவதும் கஷ்டம்.

"சுப்பண்ணா, எட்டு எங்க?"

"இன்னா எட்டும்மா?"

"மூணு வருஷமா நீங்க ஒரு எட்டுகூட எழுதல."

"அது ஆகாதும்மா. ட்ரெய்னிங் அப்போ ஒரு வாட்டி எழுதுனேன். அன்னிக்கே வழுக்கி வுழுந்து முட்டி பேந்துச்சு."

"கிரிவலப் பாதையில அஷ்டலிங்கத்தையும் கும்புட்டுட்டுத்தானே வர்றீங்க? அது எட்டு இல்லயா?"

"அது சாமி எட்டு. இது மான் எட்டு."

"அப்ப எட்டு மான் நின்னா, ஒண்ணு ஜாஸ்தி போட்டு ஒம்போதுன்னு எழுதிடுவீங்க. அப்படித்தானே?"

அந்தச் சிரிப்பு வாடியதை அன்றுதான் பார்த்தேன். "நான் ஏம்மா பொய் எழுதறேன்? அங்கியே குந்திக்கினு இருப்பேன். இன்னொண்ணு வந்துச்சுன்னா ஒம்போது. ஒண்ணு கம்மியாச்சுன்னா ஏழு. அப்பாலதான் எழுதுவேன்."

நம்ப ஆசையாக இருந்தது. ஆசையை அறிக்கையில் எழுத முடியாதே. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு யோசித்தேன். எண்களை அவர் இஷ்டத்துக்கு எழுதலாம். ஆனால் படம் வந்து சேர்ந்த நேரம் அவர் கையில் இல்லை. அது தானாகப் பதிவாவது. அந்த நேரங்களை டேட்டாபேஸிடம் கேட்டேன்.

ஆறு மான் எழுதிய நாள்களில் படம் வழக்கமான நேரத்துக்கு வந்திருந்தது. பத்து எழுதிய நாள்களிலும் அப்படியே. ஏழும் ஒன்பதும் எழுதிய பல நாள்களில் மட்டும் ஒரு மணி நேரம் தாமதம். ஒரு கார்த்திகை மாதத்துப் படம் பகல் பன்னிரண்டரைக்கு வந்திருந்தது. ஒரு மான் நகர வேண்டும் என்பதற்காக மனுஷன் சாப்பிடாமல் அரை நாள் உட்கார்ந்திருக்கிறார். 'ஏன் இவ்வளவு லேட்டு, தூங்கிட்டீங்களா?' என்று அன்றைக்கு நான் அனுப்பிய செய்தியும் போனில் அப்படியே கிடந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. சிரிப்பும் அடக்க முடியவில்லை.

நாலு மணிக்கு அருணாதேவி மேடம், எண்களுக்கு ஒன்றும் நேரங்களுக்கு ஒன்றுமாக நான் எடுத்து வைத்த இரண்டு பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொய் எழுதுறவரு இதுக்குப் போய் அரை நாள் காத்துட்டு இருப்பாரா மேடம்?" என்றேன்.

"கேமராகூட அவ்வளவு நேரம் காத்திருக்காது, சதஃப். பேட்டரி போயிடும்." பிறகு சுப்பனைக் கூப்பிட்டார். "நீங்க வேலையில இருங்க. ஆனா இனிமே காத்திருக்கக் கூடாது. எட்டு நின்னா எட்டுதான். ஒரு நம்பரை ஒதுக்கினா மொத்தக் கணக்கும் கெட்டுடும். புரியுதா?"

சுப்பன் தலையாட்டினார். தலை மட்டும்தான் ஆடியது.

ஐந்தாம் நாள் படம் சரியான நேரத்துக்கு வந்தது. காத்திருக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். 'புள்ளிமான் 7. அதுங்க பக்கத்துல இன்னொரு புள்ளிமான்.'

எண்ணிக்கைக் கட்டத்தில் எட்டு என்று நானே தட்டினேன். எம்.எஸ்சி. படித்தவளுக்கு எட்டாவது ஒன்பதாவது.

மாலையில் ஆபீஸ் மாடிப்படியில் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினேன்.